கெடுத்துப் பார்த்த பெட்டி

என் கையெழுத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஒவ்வொரு வரியும் மேலே தொடங்கிக் கீழே இறங்குகிறது, படகுத்துறைப் படிக்கட்டு மாதிரி. சில எழுத்து பூசணிக்காய், சில எழுத்து எறும்பு. 'ஞ' வரும் இடத்தில் மட்டும் பேனாவை எடுத்துவிட்டு, மூச்சு விட்டு, பிறகு போடுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் காலைச் சாயா ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அதற்காக மன்னித்துக்கொள் என்று கேட்க வேண்டும். ஆனால் கேட்கும்போதே சந்தோஷமாகவும் இருக்கிறது. இது முழுக்க என் கை. எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததையே அது சொல்கிறது. இந்த வயதில் இப்படியொன்று கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இன்று எழுத உட்கார வைத்தது ஒரு வாசனை. உன் கம்ப்யூட்டர் இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறது. உன் மகள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போகும்போது, "நீங்களே வச்சுக்குங்க அங்கிள், இதை வேற யாருக்குக் கொடுக்க?" என்று விட்டுவிட்டுப் போனாள். மட்டாஞ்சேரி மழையில் அவ்வப்போது அதைப் போட்டு வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். என் மருமகள் ஜெரினா இன்று காலை அதைப் போட்டாள். சூடான தூசியும், ஈரம் உலரும் தகரமும், கொஞ்சம் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை எழுந்ததும் உன் மாடி அறை அப்படியே வந்துவிட்டது. கூடவே அந்த அறையில் எனக்கு இருந்த பயமும் வந்தது.

பயப்படக் காரணம் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தோப்பும்படித் துறையிலிருந்து படகுகள் எல்லாம் போய்விட்டன. என் மகன் நிசாரும் போயிருக்கிறான். முன்பு வலை இழுத்தவன், இப்போது படகை ஓட்டும் ஸ்ராங்கு. நேற்று முதல் காற்று மாறியிருக்கிறது. பக்கத்தில் போன படகுகள் சிலது திரும்பிவிட்டன. இவன் படகு தூரம் போனது. போன் எட்டாது. எட்டுவது ஒன்றே ஒன்றுதான், ஸ்ராங்கு அறையில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டி. நீ உயிரைக் கொடுத்துத் திருத்திய அதே பெட்டி. அது வானத்துக்குச் சொல்ல, வானம் கரைக்குச் சொல்ல, ஜெரினாவின் போனில் ஒரு பச்சைப் புள்ளியாக நிசாரின் படகு தெரிகிறது. அவள் அதை அடுப்பங்கரை மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு மீன் கழுவுகிறாள். நான் வாசலில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

முதலில் உன் கண்ணைப் பற்றி எழுதவேண்டும். ஒரு காலை, நான் வழக்கம்போல் சாயாவோடு மாடி ஏறி வந்தேன். நீ திரையில் மூக்கு இடிக்கும்படி குனிந்திருந்தாய்.

"எடா ஐஸ்காரா, அந்த லைட்டைப் போடு."

நான் ஐஸ் பிளாண்டை விட்டு எத்தனையோ காலமாயிற்று. உனக்கு மட்டும் நான் கடைசிவரை ஐஸ்காரன்தான்.

"லைட்டு எரிஞ்சிட்டுத்தானே இருக்கு."

"ஜன்னலைத் திற."

"அதும் திறந்துதான் இருக்கு."

சாயா கிளாஸை வாங்க நீட்டிய உன் கை, கிளாஸுக்குப் பக்கத்திலிருந்த காற்றைப் பிடித்தது. சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பிறகு சொன்னாய். எறணாகுளத்து டாக்டர், இருப்பதும் போய்விடும் என்று சொல்லிவிட்டாராம்.

"எப்போன்னு கேட்டேன்டா. மழைக்கு முன்னாடியா பின்னாடியான்னு அவருக்கும் தெரியலை."

"மகள்கிட்ட சொன்னியா?"

"சொன்னா நாளைக்கே வந்து மூட்டை கட்டிடுவா. அப்புறம் பெட்டியை யாரு பார்ப்பா?"

அதற்கு முந்தைய வருஷம் நிசார் போன படகுக்கு நடந்தது உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். அலை ஒன்று எஞ்சின் அறைக்குள் இறங்கி, பேட்டரி நின்று, பெட்டியும் அணைந்தது. பையன்கள் பேட்டரியைத் துடைத்து மறுபடி கொடுத்ததும் படகின் விளக்கு எரிந்தது. பெட்டி மட்டும் பாதியில் நின்று, எழவுமில்லை, சாகவுமில்லை. கரையில் எங்களுக்கு அவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. கடைசியில் வைப்பின் தீவுப் படகு ஒன்று தற்செயலாகப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. நிசார் கரையில் கால் வைத்தபோது என்னை அடையாளம் தெரியாதவன் மாதிரி பார்த்தான். பெட்டி செய்யும் கம்பெனிக்காரர்கள் கோயம்புத்தூரில் இருந்தார்கள். பெங்களூரில் இதே வேலையில் முடி நரைத்து ஊர் திரும்பியிருந்த உன்னிடம் வந்து, ஏன் எழவில்லை என்று பார்த்துத் தரச் சொன்னார்கள். நீ நிசாருக்காக ஒத்துக்கொண்டாய். அதை நீ என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேரை நீ திருத்தினாய். திருத்தியது சரியா என்று எப்படிப் பார்ப்பது? நான் அப்போது கேட்டேன்.

"பெட்டியைத் தூக்கிக் கடல்ல போட்டுப் பார்ப்பியா?"

"போட்டா உன் மகன் எனக்குச் சோறு போடுவானா? பொய்ப் பெட்டி ஒண்ணு பண்ணியிருக்கேன். இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி. விர்ச்சுவல் மெஷின்னு பேரு. சாஃப்ட்வேருக்குத் தான் நிஜப் பெட்டியிலதான் இருக்கோம்னு நினைப்பு."

"பொய்ப் பெட்டிக்கு நிஜப் பயம் வருமா?"

"அதுக்கு வராது. எனக்கு வரும்."

பொய்ப் பெட்டியை எழுப்பு, பாதியில் கரண்டைப் பிடுங்கு, மறுபடி கொடு, இவ்வளவு நேரம் காத்திரு, எழுந்ததா என்று பார். இப்படிக் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாய். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். ஒரு பொத்தானை அழுத்தினால் அது தானாகவே ஓடும். பொய்ப் பெட்டி செத்துச் செத்துப் பிழைக்கும். ஒவ்வொரு தடவைக்கும் கடைசியில் PASS என்றோ FAIL என்றோ வரும்.

ஆனால் அந்த ஸ்கிரிப்ட் உன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். உன் கம்ப்யூட்டரின் பெயர், நீ சாஃப்ட்வேரை வைத்திருக்கும் இடம், பொய்ப் பெட்டிக்கு நீ கொடுத்த நினைவு அளவு, உன் பழைய இயந்திரம் மூச்சு வாங்கும் வேகத்துக்குத் தகுந்த காத்திருப்பு, எல்லாவற்றையும் கட்டளைக்கு உள்ளேயே பதித்து எழுதியிருந்தாய். தனியாள் வேலைதானே என்று அப்போது நினைத்தாயாம். அதை எனக்குப் புரியவைக்க நம் கல்யாணப் பந்தலில் சமைக்கும் பண்டாரியை இழுத்தாய்.

"அந்த ஆளு பிரியாணிக்கு உப்பு எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்வான்?"

"ரெண்டு கரண்டின்னுவான்."

"எந்தக் கரண்டி?"

"அவன் கரண்டி."

"அவனும் போய், கரண்டியும் போயிட்டா?"

"பின்னே பட்டினிதான்."

"அதான்டா நான் எழுதி வச்சிருக்கறது. என் கரண்டிக் கணக்கு."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் போவதற்குள் அந்தக் கணக்கையெல்லாம் கட்டளைக்குள்ளிருந்து பிடுங்கி, தனியாக ஒரு ஃபைலில் வைக்கவேண்டும். யார் ஓட்டினாலும் அந்த ஃபைலில் தங்கள் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் போதும். கட்டளையில் கையே வைக்க வேண்டியதில்லை. அது முடியாமல் உன் கண் போனால், அடுத்து வரும் ஒவ்வொரு திருத்தமும் சோதிக்காமலே படகில் ஏறும். இவ்வளவும் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு எனக்குத் தூக்கம் குறைந்தது.

கம்ப்யூட்டரையே பேசவைக்கும் வழி உண்டு என்று உன் மகள் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அந்தக் குரல் மூச்சே விடாமல் பேசும். வெளிக் கம்ப்யூட்டரில் இருப்பதை அது வாசிக்கும். ஆனால் பொய்ப் பெட்டியின் திரை அதற்கு வெறும் படம், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பொய்ப் பெட்டி எந்த இடத்தில் நின்றது என்பதுதான் உனக்கு வேண்டியது. அதற்கு ஒரு மனிதக் கண் வேண்டும்.

"நீ வாசி" என்றாய்.

"எனக்கா? பஸ் போர்டே தெரியாத ஆளுடா நான்."

"சொல்லா வாசிக்க வேண்டாம். எழுத்தைக் கூப்பிடு, மதி. சேர்க்கறது என் வேலை."

அப்படித்தான் இங்கிலீஷ் எழுத்துகள் எனக்குத் தமிழுக்கு முன்னால் வந்தன. உப்பை மேசையில் பரப்பி, என் விரலைப் பிடித்து, நீ பார்க்காமலே போட்டுக் காட்டினாய். P என்றால் கொடிக்கம்பம், A என்றால் சாய்த்த ஏணி, S என்றால் மண்புழு. உன் விரல் உப்பில் தடுமாறும்போது என் விரல் சரியாகப் போகும். உன் கண் மங்க மங்க என் கண் திறந்தது. அதில் சந்தோஷப்படவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் அதைச் சொல்லியும்விட்டேன். "போடா மண்டு, ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தெரியட்டுமே" என்றாய்.

வேலை நடந்த விதம் இதுதான். நீ கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாய். உன் விரலுக்குப் பலகை மனப்பாடம். நான் திரையில் வருவதை எழுத்தெழுத்தாகக் கூப்பிடுவேன். நம் இருவருக்கும் தொண்டை வறண்டுபோகும். கீழ்வீட்டுக்காரர்கள் நாம் ஏதோ மந்திரம் ஓதுகிறோம் என்று நினைத்தார்கள். "ராவுத்தரும் கம்ப்யூட்டர்காரரும் சேர்ந்து புதுசா ஒரு மதம் ஆரம்பிச்சிருக்காங்க" என்று நம்மைப் பற்றித் தெருவில் பேச்சு. ஜெரினாவும் கிண்டல் செய்வாள். "இங்கிலீஷை இப்படி ஒவ்வொரு எழுத்தா ஏலம் போடறீங்களே மாமா, தமிழைக் கத்துக்கிட்டா முழுச் சொல்லா வரும்ல?" உத்தமபாளையத்துப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்தக் கிண்டலில்தான் பிறகு என் தமிழ் தொடங்கியது.

எனக்கு அந்த நாட்களில் PASS வந்தால் நெஞ்சுப் பாரம் இறங்கும். FAIL வந்தால் F-ஐக் கூப்பிட்டதோடு நிறுத்திவிடுவேன். அந்த நான்கு எழுத்துக்கும் நிசாரின் முகம் இருந்தது. நீ கோபப்படுவாய். "முழுசாக் கூப்பிடுடா. FAIL எதிரியில்லை. அதுதான் உண்மை பேசற ஆளு."

கட்டளைக்குள் இருந்த கணக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்து முடித்தோம். கம்பெனியில் ரம்யா என்ற பெண்ணுக்கு அனுப்பினாய். உனக்குப் பிறகு சோதனைகளை அவள்தான் ஓட்டவேண்டும். ஃபைலில் எதை மாற்றவேண்டும் என்று அவளுக்குப் போனில் சொன்னாய். பழகிப் பார்ப்பதற்காக, ஏற்கெனவே PASS ஆன உன் பழைய சாஃப்ட்வேர் ஒன்றையும் கூடவே அனுப்பியிருந்தாய். அவள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். போனை மேசையில் வைத்து இருவரும் கேட்டோம்.

"சார், எல்லாமே பாஸ்! ஒண்ணுகூட ஃபெயில் இல்ல. தடைக்காலம் முடியறதுக்குள்ள படகுகளுக்கு ஏத்திடலாம்னு இங்க சொல்றாங்க."

நான் கைதட்டினேன். நீ தட்டவில்லை.

"அம்மா, ஒரு காரியம் பண்ணு. சாஃப்ட்வேர்ல எழுந்திருக்கற பகுதியை வேணும்னே வெட்டி எறி. கெடுத்துட்டு, மறுபடி ஓட்டு."

"கெடுத்துட்டா சார்?"

"கெடுத்துட்டுத்தான்."

நாம் காத்திருந்தோம். நீ சாயாவைத் தொடவில்லை. போன் வந்தது. ரம்யாவின் குரல் சின்னதாக இருந்தது. "சார்... இதுவும் பாஸ்னு வருது."

எழவே முடியாதபடி கெடுத்த பெட்டி, எழுந்துவிட்டேன் என்று சொல்கிறது. உன் முகத்தில் ரத்தமே இல்லை. அவ்வளவு காலத்தில் உன்னை அப்படி நான் பார்த்ததில்லை.

இங்கே நிறுத்தியிருந்தேன். ஜெரினா கத்தினாள்.

புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது.

இப்போது மதியம் கழிந்துவிட்டது. படகு முதலாளிக்குச் சொல்லியாயிற்று. அவர் அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு படகைத் திருப்பிவிடப் பார்க்கிறேன் என்றார். ஜெரினா தொழுகைப் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். போன் அவளுக்கு முன்னால். மழை ஓட்டில் அடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுத்து மோசமாக வருகிறது, பொறுத்துக்கொள்.

விட்ட இடத்துக்கே போகிறேன். ரம்யா தன் கணக்கை எழுதிய அந்த ஃபைலை அனுப்பச் சொல்லித் திறந்தாய்; மூச்சு விடாத அந்தக் குரலை நம்பாமல், என்னை ஒரு எழுத்துகூட விடாமல் கூப்பிடச் சொன்னாய். நான் கூப்பிட்டேன். நினைவு அளவு இருந்தது. காத்திருக்கும் நேரம் இருந்தது. நீ கையைத் தூக்கினாய். "புது சாஃப்ட்வேர் எங்கே இருக்குன்னு ஒரு வரி வரணுமே?" மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டேன். அந்த வரி இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கிறது. யாருக்கும் நடக்கக்கூடியது.

அதற்கு ஸ்கிரிப்ட் என்ன செய்தது என்று நீதான் கண்டுபிடித்தாய். ஃபைலில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் உன்னுடைய பழைய கணக்கை எடுத்துக்கொள்ளும்படி நீயே எழுதியிருந்தாய். அது சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. பழகிப் பார்க்க நீ அனுப்பிய பழைய சாஃப்ட்வேரைத்தான் அவள் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பச் சோதித்தது. புதியதை அது தொடவே இல்லை. கெடுத்ததையும் தொடவில்லை.

"அன்பாத்தான்டா செஞ்சேன்" என்றாய். "இல்லாதவங்களுக்கு என்னோடது இருக்கட்டும்னு. வீட்டுக்கு வந்தவனுக்கு நம்ம செருப்பைப் போட்டுக்கோன்னு கொடுக்கற மாதிரி. அது இப்படிப் பொய் சொல்லும்னு நினைக்கலை."

உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்தது பஸ் கதைதான். "நான் பஸ் ஏறின மாதிரின்னு வச்சுக்கோ. பச்சை வண்டி வந்தா தோப்பும்படின்னு ஏறிட்டிருந்தேன். எல்லா வண்டிக்கும் ஒரே சாயம் அடிச்சாங்க. அப்பவும் ஏறினேன். வைட்டிலாவுல கொண்டுபோய் இறக்கி விட்டுட்டான். பஸ் பாட்டுக்கு ஜோராத்தான் ஓடுச்சு."

நீ முதலில் முறைத்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்ததும் பலகையை இழுத்துக்கொண்டாய். உன் பழைய கணக்கைத் தானாக எடுத்துக்கொள்ளும் வரிகளை ஒன்றுவிடாமல் அழித்தாய். அவை இருந்த இடத்தில் வேறு எழுதினாய். ஒன்று இல்லையென்றால், இன்னது இல்லை என்று பெயர் சொல்லி, அங்கேயே நிற்கவேண்டும். எதைச் சோதித்தது, அது எப்போது செய்த சாஃப்ட்வேர் என்பதை PASS-க்கு முன்னால் எழுதிக் காட்டவேண்டும். தட்டிக்கொண்டே சொன்னாய்: "தெரியலைன்னா நில்லு. இருக்குன்னு வச்சுக்காதே."

ரம்யா மறுபடி ஓட்டினாள். ஸ்கிரிப்ட் நின்று, இல்லாததன் பெயரைச் சொன்னது. அவள் அந்த வரியைச் சேர்த்தாள். முதலில் கெடுத்த பெட்டியை ஓட்டச் சொன்னாய். அவள் திரை நம் கம்ப்யூட்டரிலும் தெரியும்படி வைத்திருந்தாள். நான் கூப்பிட்டேன்: "எஃப்... ஏ... ஐ... எல்." நீ நாற்காலியிலிருந்து எழுந்து, வழியில் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டு வந்து, என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தாய். "இன்னொருக்கா கூப்பிடு!" நான் இன்னொருக்கா கூப்பிட்டேன். கீழ்வீட்டில் யாரோ, மந்திரம் பலித்துவிட்டது போல என்று சொன்னது நம் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் நல்லதை ஓட்டினாள். PASS வந்தது. ஒரு FAIL-ஐயாவது பார்க்காத PASS-ஐ அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

அடுத்த மழை தொடங்குவதற்குள் உன் கண் முழுக்கப் போயிற்று. அதற்குப் பிறகும் நான் சாயாவோடு ஏறி வந்தேன், திரை இல்லாமலே பேசிக்கொண்டிருந்தோம். அதன் பிறகு ஒருநாள் ஏறி வந்தபோது நீ இல்லை. நாற்காலியில் சாய்ந்தபடிதான் இருந்தாய். ஆனால் இல்லை. அப்போது ஜெரினா எனக்கு உயிரெழுத்து முடித்து மெய்யெழுத்துக்கு வந்திருந்தாள். முழுதாக ஒரு வரி எழுதி உன்னிடம் கொண்டுவந்து உரக்க வாசிக்கவேண்டும் என்று ரகசியமாக வைத்திருந்தேன். அதற்குள் போய்விட்டாய்.

ஜெரினா கூப்பிடுகிறாள்.

திரும்ப வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"மாமா! பச்சை! பச்சை வந்துடுச்சு!" என்று அவள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். என் கால் தானாக எழுந்தது. ஆனால் நெஞ்சு எழவில்லை. பச்சை என்றால் என்ன? காலையில் பார்த்த பழைய பச்சைப் புள்ளியையே போன் மறுபடி காட்டுகிறதா? எந்தப் பெட்டி பேசுகிறது, எப்போது பேசியது? அவள் சந்தோஷத்தில் நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தெரிந்தும், "கொடு அதை" என்று போனை வாங்கினேன். புள்ளியைத் தொட்டால் கீழே ஒரு வரி வரும். அவள் போனில் எல்லாம் தமிழில்தான். இதுவரை அந்த வரியை அவள்தான் எனக்கு வாசித்துச் சொல்வாள். இன்று அவள் கண்ணில் நீர், எழுத்து தெரியவில்லை. நான் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"ச... ற்... று... மு... ன்."

"சேர்த்துச் சொல்லுங்க மாமா!"

"சற்றுமுன்."

ரம்யாவுக்கும் போன் செய்தோம். அவள் அங்கே பெட்டி அனுப்பிய குறிப்புகளைப் பார்த்தாள். "ஐயா, கரண்ட் நின்னிருக்கு. பெட்டி விழுந்து, தானே எழுந்திருக்கு. புது சாஃப்ட்வேர்தான். நான் பேரையும் நேரத்தையும் பார்த்துட்டேன். ரெண்டு தரம் பார்த்துட்டேன்." பிறகு, "சார் இருந்திருந்தா, எவ்வளவு நேரத்துல எழுந்துச்சுன்னு முதல்ல கேட்டிருப்பார்" என்றாள்.

பெட்டி எழுந்துவிட்டது. அவ்வளவுதான் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் நிசார் எப்படி இருக்கிறான், படகுக்குள் எவ்வளவு தண்ணீர், பேட்டரி ஏன் நின்றது, ஒன்றும் தெரியாது. ஜெரினா, "இனி பயமில்லை, இல்லையா மாமா?" என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "படகு எங்கேன்னு தெரியுது. முதலாளி அனுப்பின படகுக்கும் தெரியுது. அது போய்ச் சேரட்டும்" என்றேன். அவள் தலையாட்டினாள். எங்கள் இருவருக்கும் அது போதவில்லை. ஆனால் அதில் பொய் இல்லை.

முன்பெல்லாம் கடலை நினைத்தால் பயம் ஒரே பாறையாக என்மேல் விழும். எங்கே தொடுவது என்று தெரியாது. நீ போனபிறகு என்னிடம் இருப்பது அந்தப் பயத்தைப் பிரித்துக் கேட்கும் பழக்கம். எது தெரியும், எது தெரியாது, தெரியும் என்பது எப்போது பார்த்தது. பயம் அதனால் குறையவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிகிறது. இன்று எழுதவும் முடிந்தது.

இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். புள்ளி கொஞ்சம் கிழக்கே வந்திருக்கிறது. கிழக்கு என்றால் கரை. இழுத்து வருகிறார்களா, தானாக வருகிறதா, அலை தள்ளுகிறதா என்று புள்ளி சொல்லாது. விடிந்ததும் தோப்பும்படிக்குப் போய் நிற்கப் போகிறேன். பஸ்ஸின் போர்டை வாசித்துவிட்டுத்தான் ஏறுவேன்.

கை வலிக்கிறது. அடுத்த வாரம் இதே நாளில் உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன். நிசார் வந்தான் என்றால் வந்தான் என்று எழுதுவேன். வேறு மாதிரி என்றால் அதையும், உன்னிடம் கூப்பிட்டது போலவே, ஒரு எழுத்தும் விடாமல் எழுதுவேன்.